‘சாதாரணம்’ என்று நான் எழுதிய வலி

போன மாதம் பண்டாரவளையில் ஒரு சின்னக் கூட்டம். எங்கள் பகுதிக்குப் புதிதாக வந்திருக்கும் குடும்பநல உத்தியோகத்தர்கள் ஆறு பேர், ஓய்வுபெற்ற எங்களில் மூன்று பேரைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேள்வி கேட்டார்கள். நாங்கள் தூக்கிச் சுமந்த தடித்த பதிவேடுகள் அவர்களிடம் இல்லை. ஆளுக்கொரு டெப்லட் கணினி வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பார்க்கப் போகும்போது மாதவிடாய் வலியைப் பற்றியும் கேட்டு வரச் சொல்லி அவர்களுடைய மேலதிகாரி சொல்லியிருக்கிறாராம். அதில் ஒரு பெண் எழுந்து கேட்டாள்.

“மிஸ், அந்த வலி எல்லாருக்கும்தானே இருக்கு. எது சும்மா வலி, எது வியாதி வலின்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?”

சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டது. சுருக்கமாகப் பதில் சொன்னேன். மாத்திரை போட்டும் அடங்காத வலி, வேலையை விட்டுப் படுக்க வைக்கிற வலி, பள்ளிக்கூடத்தை நிறுத்துகிற வலி, அந்த நாட்களில் மலம் கழிக்கும்போது குத்துகிற வலி, கணவனோடு இருக்கும்போது வருகிற வலி, இவை எதுவும் சும்மா வலி இல்லை, மருத்துவரிடம் அனுப்பு என்றேன். எல்லாரும் குறித்துக்கொண்டார்கள். பதில் சரியானதுதான். அதில் எனக்கு இம்மியளவும் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தப் பதில் எனக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்லாமல் வந்துவிட்டேன். அதை எழுதத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

நான் பண்டாரவளை டவுனில் பிறந்தவள். அப்பா ரயில் நிலையத்தில் போர்ட்டர். எங்கள் தேவாலயத்துக்கு வரும் பெண்களில் பாதிப் பேர் தோட்டத்திலிருந்து நடந்து வருகிறவர்கள் என்பதால் தோட்டமும் எனக்குப் புதிதல்ல. ஒன்றரை வருடம் பயிற்சி. பிரசவம் பார்க்க, குழந்தையை நிறுக்க, தடுப்பூசி அட்டை எழுத, கர்ப்பிணியின் கால் வீக்கத்தை விரலால் அழுத்திப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். மாதவிடாயைப் பற்றி ஒரு பகல் பாடம் நடந்தது. அதில் வலிக்கு ஒதுக்கியது பத்து நிமிடம் இருக்கலாம். முடித்த கையோடு பூனாகலைப் பக்கத்துத் தோட்டங்களை என்னிடம் கொடுத்தார்கள். அதன்பின் முப்பத்து மூன்று வருடம் பதுளை மாவட்டத்து மலைகளில்தான் ஏறி இறங்கினேன்.

வேலைக்கு வந்த இரண்டாவது வருடம் நடந்தது இது. மாதத்துக்கு ஒரு முறை தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில் கிளினிக் வைப்பேன். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. அன்று நாற்பது குழந்தைகளுக்கு மேல் நிறை பார்க்க வேண்டும். தராசில் ஒரு குழந்தை அலறிக்கொண்டிருந்தபோது, வெள்ளைச் சீருடையில் ஒரு பள்ளிக்கூடப் பெண் வந்து கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பதினைந்து வயதிருக்கும். கூட வந்த தோழிதான் பேசினாள்.

“மிஸ்ஸி, இவளுக்கு வயித்து வலி. டீச்சர் அனுப்பினாங்க. தூரமாயிருக்கா.”

மாதவிடாயை, வீட்டுக்குத் தூரம் என்பதைச் சுருக்கி அப்படித்தான் சொல்வார்கள். நான் தராசின் முள்ளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“எல்லாருக்கும் இருக்கிறதுதான் பிள்ளை. வெந்தயத் தண்ணி குடி, சுடுதண்ணி ஒத்தடம் குடு. கல்யாணம் ஆனா சரியாயிரும்.”

அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. அவள் போய்விட்டாள். மாலையில் பதிவேட்டில் எழுதினேன்: ‘மாணவி, மாதவிடாய் வலி, சாதாரணம்.’ பெயரைக் கேட்டு எழுதியிருந்தேன். அது ஒன்றுதான் நான் செய்த நல்ல காரியம்.

கொஞ்ச காலத்தில் என்னை வெலிமடைப் பக்கம் மாற்றினார்கள். அங்கே ஏழு வருடம். திருமணம், இரண்டு பிள்ளைகள், எல்லாம் அங்கேதான். பிறகு திரும்பவும் பூனாகலைப் பக்கமே வந்தேன். அப்போது எங்கள் பகுதிக்கு மேற்பார்வைத் தாதியாக இருந்தவர் நந்தனி சிஸ்டர்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சிங்களப் பெண்மணி. தமிழ் பேசுவார், ஆனால் உடைத்து உடைத்துத்தான் வரும். எங்கள் எல்லாரையும் ‘நங்கி’ என்பார். தங்கை என்று அர்த்தம். அப்படிக் கூப்பிடுகிறாரே என்று ஏமாந்துவிடக் கூடாது. ஜீப்புக்குக் காத்திருக்க மாட்டார். பஸ்ஸில் வந்து, கேன்வாஸ் சப்பாத்தோடு தோட்டத்துப் பாதையில் ஏறி, தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலுக்கு வந்ததும் பையிலிருந்து சுத்தமான செருப்பை எடுத்து மாற்றிக்கொண்டுதான் உள்ளே நுழைவார். வீட்டுக்காரப் பெண் உட்காராமல் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பதிவேட்டை விரித்தால் சிவப்புப் பேனை வெளியே வரும்.

முதல் தடவை என் பதிவேட்டைப் பார்த்தபோது பக்கத்துக்குப் பக்கம் ஒரே சொல்லைச் சுற்றி வட்டம் போட்டார். எல்லாம் ‘சாதாரணம்’.

“நங்கி, இது உன் சொல்லா, அந்த அம்மா சொன்னதா?”

“என் சொல்தான் சிஸ்டர்.”

“அந்த அம்மா என்ன சொன்னது?”

எனக்கு ஞாபகம் இல்லை. அதைத்தான் சொன்னேன். அவர் திட்டவில்லை. பேனையை மூடி வைத்துவிட்டு, வலியைப் பற்றிக் கேட்கும் முறையை அன்றைக்கே சொல்லித் தந்தார்.

வலிக்குதா என்று கேட்கவே கூடாது. கேட்டால், எல்லாருக்கும் இருக்கிறதுதானே என்ற பதில்தான் வரும். தோட்டத்துப் பெண் முதுகில் கூடையைக் கட்டிக்கொண்டு மழையிலும் அட்டைக்கடியிலும் நிற்கிறவள். அவளிடம் வலியை அளந்து சொல் என்றால் எதை வைத்து அளப்பாள்? அதனால் வேலையைக் கேட்க வேண்டும். அந்த நாளில் காலையில் எழுந்து அடுப்பு மூட்டினாயா? தண்ணீர் எடுத்தது யார்? வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குப் போனாயா? மலையில் எத்தனை மணி வரைக்கும் நின்றாய்? எங்கே உட்கார்ந்தாய்? என்ன சாப்பிட்டாய், அது வயிற்றில் தங்கியதா? கடைசி இரண்டு கேள்விகள், அதாவது கழிப்பறையைப் பற்றியும் கணவனைப் பற்றியும், கதவைச் சாத்திய பிறகு. அதுவும் அவள் கொடுத்த தேத்தண்ணியை நாம் பாதி குடித்த பிறகுதான்.

“ஏன் பாதி சிஸ்டர்?”

“முழுசு குடிச்சா நாம போறதுன்னு நினைக்கும். குடிக்கலன்னா நம்மளை நம்பாது.”

இந்த முறையை நான் முழுதாகப் பயன்படுத்திய முதல் வீட்டில்தான் என் பழைய பதில் என்னைத் தேடி வந்தது.

மேல் பிரிவில் ஒரு லயம். பிள்ளை பெறும் வயதுள்ளவர்களைக் குறித்துவைக்கும் ‘தகுதியுள்ள தம்பதியர்’ பதிவேட்டில் அந்த வீட்டுக்கு நேரே, திருமணமாகி நான்கு வருடம், குழந்தை இல்லை என்று எனக்கு முன்னிருந்தவர் எழுதியிருந்தார். சிஸ்டரும் கூட வந்தார். மாமியார் பார்வதி வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

“வாங்க மிஸ்ஸி. நல்ல நேரத்துலதான் வந்தீங்க. மாசத்துல மூணு நாளு, நாலு நாளு பெரட்டுக்குப் போகாம படுத்துக்கிறா. கங்காணி எங்கிட்ட வந்து கத்துறாரு. நாங்கல்லாம் இந்த நாளையில வேலைக்குப் போகலியா? புள்ளயும் இல்ல, வேலையும் இல்ல. பூசாரிகிட்டக் கயிறு கட்டியாச்சு, அதுவும் கேக்கல.”

சிஸ்டர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, “அம்மா, நீங்க தண்ணி எடுக்கிற பீலி எங்க? நான் பாக்கணும்” என்றார். பார்வதி அம்மாளுக்கு உற்சாகம். பீலியில் அழுக்குத் தண்ணீர் வருவதாகப் பல நாளாகவே அவருக்கு ஒரு புகார் இருந்தது. இரண்டு பேரும் படியிறங்கிப் போனார்கள். அது எனக்காகத்தான் என்று புரிந்துகொண்டேன்.

உள் அறையான காம்பராவில் பாயில் சுருண்டு கிடந்தவள் என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தாள். இருபத்து நான்கு வயது. உதடு வெளுத்திருந்தது. தலைமுடியெல்லாம் வியர்வையில் ஒட்டியிருந்தது. தேத்தண்ணி போடவா என்று கேட்டு எழுந்திருக்கப் பார்த்தாள். நானே அடுப்பில் இருந்ததை இரண்டு கோப்பையில் ஊற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். கேள்வி கேட்க வாயைத் திறப்பதற்குள் அவள் கேட்டாள்.

“மிஸ்ஸி, என்னைத் தெரியலையா?”

“இல்லையே தாயி.”

“பிள்ளைமடுவத்துல வந்து நின்னேனே, கீழ்த் தோட்டத்துல, ஸ்கூல் படிக்கிறப்ப. நீங்கதான் சொன்னீங்க, கல்யாணம் ஆனா சரியாயிரும்னு.” கோப்பையைக் கீழே வைத்தாள். “ஆகல மிஸ்ஸி.”

அவள் பெயர் தங்கேஸ்வரி. ஒன்பது வருடத்துக்கு முன் நான் எழுதிய பெயர்.

அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மருந்து வேலை செய்யவில்லை என்று டிஸ்பென்சரியில் வந்து சொல்கிற மாதிரித்தான் சொன்னாள்.  கேள்விகளைக் கேட்டேன், ஒன்று விடாமல். அடுப்பு மூட்டுவது அவள்தான், ஆனால் குந்தி உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. மலையில் பத்து மணி வரைக்கும் நிற்பாள், பிறகு தேயிலைச் செடிக்குள்ளே உட்கார்ந்துவிடுவாள். சோறு தங்காது. வலி, இரத்தம் வருவதற்கு நான்கு நாள் முன்னாலேயே ஆரம்பித்துவிடும். கழிப்பறையைப் பற்றிக் கேட்டபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கணவனைப் பற்றிக் கேட்டபோது கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தாள்.

“கத்தி வச்சுக் குத்துற மாதிரி மிஸ்ஸி. அவருகிட்டச் சொல்ல முடியுமா?”

திரும்பி நடக்கும்போது சிஸ்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பழைய கதையையும் சேர்த்து. அவர் ஆறுதல் சொல்லவில்லை. “எண்டோமெட்ரியோசிஸ் இருக்கலாம்” என்றார். அந்தச் சொல்லை நான் நேரில் பார்த்த ஒரு பெண்ணைப் பற்றிக் கேட்டது அதுதான் முதல் தடவை. கருப்பைக்குள்ளே மாதாமாதம் வளர்ந்து இரத்தமாக வெளியேறுகிற படலம் ஒன்று இருக்கிறது. அதைப் போன்ற படலம் சிலருக்குக் கருப்பைக்கு வெளியேயும் வளரும். சூலகத்தில், குடலில், இடுப்புக்குழிக்குள் எங்கே வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளும். மாதவிடாய் நாட்களில் அதுவும் இரத்தம் கசியும். ஆனால் அந்த இரத்தத்துக்கு வெளியே போக வழி இல்லை. உள்ளேயே புண்ணாகி, தழும்பாகி, உறுப்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும். வலியும் அதனால்தான், பலருக்குப் பிள்ளை தங்காமல் போவதும் அதனால்தான்.

சிஸ்டர் சொன்னபடி தங்கேஸ்வரியிடம் எழுதுவதற்கு ஒரு அப்பியாசக் கொப்பியைக் கொடுத்தேன். சாதாரண தரம், அதாவது பதினோராம் வகுப்பு வரை படித்தவள், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். வலி எவ்வளவு என்று எழுத வேண்டாம், வலியால் அன்றைக்கு என்ன செய்ய முடியவில்லை என்று மட்டும் எழுது என்றேன். மூன்று மாதம் எழுதினாள்.

இதற்கிடையில் பக்கத்திலிருந்த ஒரு சிறிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி ஸ்கேன் எடுக்க வைத்தேன். அன்று எனக்கு வேறொரு தோட்டத்தில் கிளினிக். கூடப் போகவில்லை, கொப்பியையும் கொடுத்தனுப்பவில்லை. படத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது, ஒன்றும் இல்லை என்று சொல்லி வலி மாத்திரையோடு அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த வாரம் நான் போனபோது பார்வதி அம்மாள் வாசலில் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

“பெட்டியில போட்டுப் பாத்தாச்சு மிஸ்ஸி. ஒண்ணும் இல்லையாம். எல்லாம் நடிப்பு. தீவாளி முடியட்டும், அவ அம்மா வீட்டுல கொண்டுபோய் விட்டுறலாம்னு இருக்கோம். அப்புத்தளைப் பக்கம் ஒரு பொண்ணு இருக்கு.”

உள்ளே தங்கேஸ்வரி கொப்பியை என் கையில் திணித்தாள். “போதும் மிஸ்ஸி. எழுதி என்னாகப் போகுது? அவங்களே ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டாங்க.”

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அதை ஒளிக்க விரும்பவில்லை. படமே சொல்லிவிட்டதே, நான் யார் என்ற எண்ணம் வந்தது. சிஸ்டரிடம் போய் நின்றேன்.

“ஸ்கேன்ல ஒண்ணும் தெரியல. அதுக்கு அர்த்தம், ஸ்கேன்ல தெரியல. அவ்வளவுதான்” என்றார். “இந்த வியாதி நிறைய நேரம் படத்தில வராது நங்கி. அந்தப் பொண்ணு மூணு மாசம் எழுதினது இருக்குதானே? அதைப் பாக்காம எப்படி ஒண்ணும் இல்ல?” அங்கேயே உட்கார்ந்து பதுளைப் பெரியாஸ்பத்திரியின் பெண்நோய் நிபுணருக்குக் கடிதம் எழுதினார். எழுதி முடித்து, மறுபடியும் வாசித்துப் பார்த்து, ஒரு சொல்லை வெட்டிவிட்டு முழுக் கடிதத்தையும் புதிய தாளில் திரும்ப எழுதினார். என்ன சொல்லை வெட்டினீர்கள் என்று கேட்டேன். “‘தயவுசெய்து’ன்னு எழுதிட்டேன். இது தயவு இல்ல.”

அடுத்தது கணவன். மோகன் தேயிலைத் தொழிற்சாலையில் உலர்த்தும் இயந்திரத்தில் வேலை. பகல் இடைவேளையில் தொழிற்சாலை வாசலுக்குப் போய் அவனைக் கூப்பிட்டேன். தலையிலும் புருவத்திலும் தேயிலைத் தூசியோடு வந்து நின்றான். அம்மா சொல்லி விட்டாங்களா என்று கேட்டான். இல்லை என்றேன். சுவரோரமாக நின்றுகொண்டு, நோயின் பெயரையும் அது செய்யும் வேலையையும் கணவன்மாருக்கு விளக்குகிற முறையில் சொன்னேன். கூடலின்போது ஏன் வலிக்கும் என்பதையும் தெளிவாகவே சொன்னேன். வெட்கப்பட நேரமில்லை. அவன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அவளுக்கு என்னைப் பிடிக்கலன்னு நெனச்சேன் மிஸ்ஸி.” புருவத்துத் தூசியைத் துடைத்துக்கொண்டு, “நாலு வருஷமா அப்பிடித்தான் நெனச்சுக்கிட்டிருந்தேன். அவ சொல்லியிருக்கலாமே?”

“நீ கேட்டியாப்பா?”

 சங்கு ஊதியது. உள்ளே போக வேண்டியவன் போகாமல் நின்றான். பிறகு, “எந்தக் கிழமை பதுளைக்குப் போகணும்?” என்றான்.

மூன்று பேரும் காலை பஸ்ஸில் போனோம். எல்ல ஊரின் மலை வளைவுகளில் தங்கேஸ்வரி இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். மோகன் தன் சட்டையைக் கழற்றி மடித்து அவள் வயிற்றுக்கு அணை கொடுத்தான். பனியனோடு பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறானே என்று ஆட்கள் பார்த்தார்கள். அவன் கண்டுகொள்ளவில்லை.

நிபுணர் தலை நரைத்த மனிதர். கடிதத்தைப் படித்துவிட்டுக் கொப்பியைக் கேட்டார். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, வரிக்கு வரி சிங்களத்தில் சொல்லச் சொன்னார். வெளியே எத்தனையோ பேர் காத்திருந்தார்கள். ஆனாலும் அவசரப்படுத்தவில்லை.

நான் வாசித்தேன். ‘திங்கள். பெரட்டுக்குப் போனேன். பத்து மணிக்கு மலையில உட்கார்ந்துட்டேன். கங்காணி எழுப்பினார், கால் வரல.’ ‘செவ்வாய். தண்ணி எடுக்கல. அவர் எடுத்தார், மாமி திட்டினாங்க.’ ‘புதன். கஞ்சி குடிச்சேன். வாந்தி.’ எல்லாம் சரளமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. வியாழக்கிழமைக்கு வந்தேன். ‘கக்கூஸ்ல உட்கார்ந்து தாலியைக் கடிச்சுக்கிட்டேன், சத்தம் வெளிய கேட்காம.’

அதைச் சிங்களத்தில் சொல்ல ஆரம்பித்துப் பாதியில் நின்றுவிட்டேன். சொல் தெரியாமல் இல்லை. தங்கேஸ்வரி எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். அவள் கழுத்தில் மஞ்சள் கயிறு தெரிந்தது. மருத்துவர் பேனையைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார். நான் வரியைச் சொல்லி முடித்தேன்.

அவர் அவளைப் பார்த்து, “எத்தனை வயசிலே தொடங்கினது?” என்று தமிழிலேயே கேட்டார்.

“பதினாலு, சேர்.”

அதைக் குறித்துக்கொண்டார். பரிசோதித்துவிட்டு, வயிற்றில் சிறு துளையிட்டுக் கருவியை விட்டுப் பார்க்க வேண்டும் என்றார். சில வாரங்களில் நாள் கிடைத்தது. பார்த்தபோது இரண்டு சூலகத்திலும் கறுத்த இரத்தம் தேங்கிய சிறு கட்டிகள். கருப்பையின் பின்பக்கம் குடலோடு ஒட்டிப்போயிருந்தது. எடுக்க முடிந்ததை எடுத்தார், பிரிக்க முடிந்ததைப் பிரித்தார். வெளியே வந்து ஒரு தாளில் படம் வரைந்து மோகனுக்குக் காட்டினார். மோகன் அந்தத் தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டான். அம்மாவிடம் காட்ட வேண்டும் என்றான்.

இரண்டாம் நாள் நான் வார்டுக்குப் போனேன். எழுந்து உட்கார்ந்து பாண் ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒன்பது வருடக் கதையை இனியும் சுமக்க முடியாது என்று நினைத்து வாயைத் திறந்தேன்.

“தங்கேஸ், அன்னைக்கு நான் சொன்னது தப்பு. எனக்குத் தெரியாம சொல்லிட்டேன். மன்னிச்சிரு தாயி.”

அவள் பாணைத் தட்டில் வைத்தாள்.

“தெரியாம சொன்னீங்க, சரி மிஸ்ஸி. ஆனா தெரிஞ்ச மாதிரி சொன்னீங்க. அதுனாலதான் நான் அதுக்கப்புறம் யாருகிட்டயும் கேக்கல.”

பிறகு பாணில் பாதியைப் பிட்டு என்னிடம் நீட்டினாள். வாங்கிச் சாப்பிட்டேன். முப்பத்து மூன்று வருடத்தில் எத்தனையோ மருத்துவர்களிடம் பாடம் கேட்டிருக்கிறேன். அந்தக் கட்டிலருகே கேட்டதைப் போல ஒன்றை வேறெங்கும் கேட்கவில்லை. அதன்பின் தெரியாததைத் தெரியாது என்றுதான் சொன்னேன். தெரிந்தவரிடம் அனுப்பினேன், முடிந்தபோது கூடவே போனேன். என் வேலை அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது.

எல்லாம் சுபமாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன். இந்த நோய் அப்படி முடிகிற நோயும் அல்ல. ஹோர்மோன் மாத்திரை கொடுத்தார்கள். முதல் மாதங்களில் தலைவலி, நேரங்கெட்ட இரத்தப்போக்கு என்று பாடுபட்டாள். பிறகு உடம்பு பழகியது. பெரிய வலி போனது. பிள்ளைக்காக மாத்திரையை நிறுத்தி ஒரு வருடம் பார்த்தார்கள், தங்கவில்லை, வலிதான் திரும்பி வந்தது. இன்னொரு சத்திரசிகிச்சை நடந்தது. அதற்குப் பிறகு அவளே முடிவு சொன்னாள். “இனிப் போதும் மிஸ்ஸி. எனக்கு மலையில நிக்கணும், ராத்திரி தூங்கணும். அது இருந்தாப் போதும்.” மோகன் அதை ஏற்றுக்கொண்டான். அப்புத்தளைப் பெண்ணைப் பற்றிய பேச்சு அந்த வீட்டில் அதோடு நின்றது. பார்வதி அம்மாள் ஒரு வருடம் என்னோடு பேசவில்லை. அப்புறம் பீலியைச் சரிசெய்யச் சொல்லிக் கேட்பதற்காகப் பேசினார்.

நான் ஓய்வுபெறுவதற்கு முந்திய வருடம், தோட்ட மண்டபத்தில் பெண் தொழிலாளர் கூட்டம் ஒன்று நடந்தது. மலையில் கழிப்பறை வேண்டும் என்பது கோரிக்கை. புதிதாக வந்திருந்த வெளிக்கள அதிகாரி நல்ல பையன்தான், ஆனால் பேச்சுவாக்கில், மாதம் மூன்று நாள் வராமல் போகிறவர்களால்தான் கொழுந்துக் கணக்குக் குறைகிறது, காரணம் கேட்டால் யாரும் சொல்வதில்லை என்றான். பெண்கள் குனிந்துகொண்டார்கள். பின்வரிசையில் தங்கேஸ்வரி எழுந்தாள்.

“நான் சொல்றேங்க. மாதவிடாய். எனக்கு வயித்துக்குள்ள அதுனால ஒரு வியாதி. பதுளையில ரெண்டு ஆப்பரேஷன் பண்ணியிருக்கு. இப்ப மருந்து குடிக்கிறேன், மாசம் இருபத்தஞ்சு நாளும் வேலைக்கு வர்றேன். மருந்து தெரியாத காலத்துல வர முடியல. இந்த மண்டபத்துல என்னை மாதிரி இன்னும் ஆளு இருக்கு. நீங்க ஏன் வரலன்னு கேக்காதீங்க. டாக்டர்கிட்டப் போனியான்னு கேளுங்க.”

மாதவிடாய் என்ற சொல்லை ஆண்கள் இருக்கும் மண்டபத்தில் உரக்கச் சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை. கங்காணிமார் சுவரைப் பார்த்தார்கள். அதிகாரி முகம் சிவந்துபோய், பிறகு நேரே அவளைப் பார்த்து, “சரிங்க” என்றான். மருத்துவரின் கடிதம் இருக்கிறவர்களுக்கு அந்த நாட்களில் லயத்துக்குப் பக்கத்து மலையில் வேலை கொடுப்பதென்று அன்றைக்கே முடிவானது.

அடுத்த செவ்வாய்க்கிழமை கிளினிக் நாள். வழக்கமாக வருகிற கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைக்காரிகளையும் எதிர்பார்த்துப் போனேன். வாசலில் வேறு பதினொரு பெண்கள் நின்றார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இரண்டு பேர், புதிதாகக் கட்டிக்கொண்டு வந்தவள் ஒருத்தி, நாற்பது வயதுக்காரிகள். வரிசையில் முதல் ஆளாக நின்றவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு அம்மா. தலை முழுக்க நரைத்திருந்தது. அவரைக் கிளினிக்கில் நான் அதுவரை பார்த்ததே இல்லை.

“உக்காருங்கம்மா. என்ன செய்யுது உங்களுக்கு?”

“இப்ப ஒண்ணும் செய்யல மிஸ்ஸி. எனக்கு நின்னுபோய்ப் பத்து வருஷம் ஆச்சு. வலியும் அதோட போயிருச்சு.” முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டார். “ஆனா முப்பத்தஞ்சு வருஷம் இருந்துச்சு. அந்தப் பொண்ணு சொன்ன மாதிரியேதான் இருந்துச்சு. யாரும் கேக்கல. நீங்க எழுதிக்கிறீங்களா?”

அதை எழுதப் பதிவேட்டில் நிரல் எதுவும் இல்லை. புதிய பக்கத்தைத் திருப்பி, முதலில் அவருடைய பெயரைக் கேட்டேன்.